சோப்பு டப்பாவும் ஊசியும்

நான் செய்த விண்கப்பலை முதன்முதலில் சோப்பு டப்பா என்று சொன்னவன் என் அண்ணன். அந்தத் தொலைக்காட்சித் தொடருக்குக் கதை அவன், மாடல்கள் நான். ஊசி மாதிரி நீளமாக, கூர்மூக்கோடு கப்பல் வேண்டும் என்று கேட்டான். செய்து கொடுத்தேன். கம்பியில் தொங்கவிட்டதும் அது கொடியில் காயும் சட்டை மாதிரி ஆடியது. கையோடு கையாக நான் செய்து வைத்திருந்த பெட்டிக் கப்பல் ஆடாமல் நின்றது. டைரக்டர் அதை எடுத்துக்கொண்டார்.

"காத்தே இல்லாத இடத்துல மூக்கு எதுக்குண்ணா?" என்றேன், சும்மா இருக்க முடியாமல்.

"பாக்கிறவன் கண்ணுக்கு வேகமாத் தெரியணும்டி. இது பாத்ரூம்ல இருக்க வேண்டிய சாமான்."

தொடரையும் விட்டான், என்னோடு பேச்சையும் விட்டான். அம்மா இருந்தவரை அவள் வழியாக ஏதாவது செய்தி வரும். அவள் போனபின் அதுவும் நின்றது.

தொடர் வந்தபோது ஊரே அந்தக் கப்பலைப் பார்த்துச் சிரித்தது. இன்றைய பிள்ளைகள் அதையே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். இணையத்தில் ஒரு ரசிகர் குழுவே இருக்கிறது. அதில் 'கோந்து' என்ற பெயரில் சேர்ந்தேன். வீட்டில் அண்ணன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். மறுநாளே 'ஊசி' என்று ஒரு ஆள் வந்து மல்லுக்கு நின்றது.

"பின்னாடி இருக்கிற எஞ்சின் எல்லாம் இருமல் மருந்து மூடி. இதுக்கா இவ்வளவு ஆட்டம்?"

அந்த மருந்தைக் குடித்தது அண்ணன். மூடிகளைச் சேர்த்து வைத்தது நான். வேறு யாருக்கும் தெரியாது.

அன்று முதல் தினமும் சண்டைதான். இப்போது கட்டட மாடல்கள் செய்கிறேன். வேலை முடிந்து அறைக்கு வந்தால் ஏன் லேட் என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. கைப்பேசியைத் திறந்தால் ஊசி குத்தியிருப்பான். நானும் வரிந்துகட்டிக்கொண்டு இறங்குவேன். நீ யார் என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் ஓடிவிடுவான். அவன் ரோஷம் எனக்குத் தெரியும்.

போன வாரம் எழுதினான்: "திரும்பப் போட்டுப் பாத்தேன். பெட்டிதான் சரி. கோந்து ஜெயிச்சாச்சு."

குழுவே கைதட்டியது. ஜெயித்து என்ன செய்ய? மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. சண்டையே முடிந்துவிட்டால் அவனுக்கு இங்கே என்ன வேலை? ஒருவேளை உடம்புக்கு முடியவில்லையோ என்றும் பயந்தேன். விசாரிக்க அவன் நம்பர்கூட என்னிடம் இல்லை.

கடைசியில் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு எழுதினேன்: "யோசிச்சுப் பாத்தா ஊசிதான் அழகு. பெட்டிக்கு மூக்கும் இல்ல, முழியும் இல்ல."

குழு என்னைப் பிய்த்து எடுத்துவிட்டது. கோந்து கட்சி மாறிவிட்டதாம். ஒரு மாடல் வீட்டுக்கு ஜன்னல் ஒட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி சத்தம் போட்டது.

"கண்ணைத் தொறந்து பாரு கோந்து," என்று ஊசி எழுதியிருந்தான். "காத்தே இல்லாத இடத்துல மூக்கு எதுக்கு?"

ஜன்னல் கோணலாக ஒட்டிக்கொண்டது. அப்படியே விட்டேன். அழுகை வந்தது, அழுதேன். பிறகு, "அண்ணா, இருமல் எப்படி இருக்கு?" என்று எழுதி, அழித்தேன்.

"பாக்கிறவன் கண்ணுக்கு வேகமாத் தெரியணும்," என்று அனுப்பினேன்.