கலங்கல் தண்ணீரில் கறுப்பு இரை

வெர்லின் படகின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் கரையில் நின்ற கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டுமே, அவளுக்கென்ன! மிசிசிப்பி மாநிலத்தின் அந்த ஏரியில் கிராப்பி மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் இருப்பவர்தான் மோட்டாரைத் திருப்புவார், இரையின் நிறத்தையும் முடிவு செய்வார். பின்னால் இருப்பவர் கொடுத்ததை மாட்டிக்கொண்டு, மீன் வரும்போது வலையை நீட்ட வேண்டும். கல்யாணமான நாள் முதல் வெர்லின் நீட்டியது வலையைத்தான். இன்று நடக்கும் மீன்பிடிப் போட்டிக்கு முன் இருக்கையைச் சண்டை போட்டு வாங்கியிருந்தாள். மதியத்துக்குள் ஒரு மீனாவது ஏறாவிட்டால் ஆயுசுக்கும் பின்னால்தான் என்று கணவன் ஹோய்ட் நிபந்தனை போட்டிருந்தான்.

ராத்திரி பெய்த மழையில் ஏரி கலங்கிக் கிடந்தது. எல்லாப் படகிலும் ரோஸும் கிளிப்பச்சையுமாக, இரையாக மாட்டும் ரப்பர் வால்கள் ஆடின. வெர்லின் கறுப்பு வாலை எடுத்து ஈயத்தலைக் கொக்கியில் கோத்தாள்.

"என்னடி இது, எழவு வீட்டுக்கா போறோம்?" என்றான் ஹோய்ட்.

"கிராப்பி கீழ இருந்து மேல பாக்கும்யா. வானத்து வெளிச்சத்துல கறுப்புதான் எடுப்பாத் தெரியும்."

"ஆமா, மீன் வந்து உன் காதுல சொல்லிச்சாக்கும்!" என்று ஹோய்ட் வழக்கத்தை மீறித் தன் கொக்கியில் ரோஸ் வாலை மாட்டினான்.

வெயில் ஏறியது. ஒரு மீனும் வரவில்லை. பக்கத்துப் படகிலிருந்து ஹோய்டின் தம்பி டூயி கத்தினான்: "அண்ணி, வலையைப் பிடிச்சுப் பழகின கை, பாவம்!"

"வாயை மூடுடா. உன் படகு மட்டும் நிறைஞ்சு வழியுதா?"

"சொன்னா கேளு, ரோஸ் மாட்டு. மதியம் ஆயிடும்" என்றான் ஹோய்ட்.

"மாட்ட மாட்டேன்."

சொல்லிவிட்டு வெயிலை அண்ணாந்து பார்த்தாள். நூலைச் சுற்றி எடுத்தாள். கொக்கியில் சேறு ஒட்டியிருந்தது. அடச்சே! ஹோய்ட் எப்போதும் விடும் ஆழத்துக்கே பழக்க தோஷத்தில் இவளும் விட்டிருக்கிறாள். மேலே பார்க்கும் மீனுக்குக் காலடியில் இரையைப் போட்டால் எப்படித் தின்னும்? அவளுக்கு அவள் மேலேயே எரிச்சலாக வந்தது.

நூலைக் குறைத்தாள். மூழ்கிய மரக்கட்டைக்கு மேலே, முழங்கை ஆழத்தில் இரையை நிறுத்தினாள். ஆட்டவில்லை, அசைக்கவில்லை.

நூல் தொய்ந்தது. கிராப்பி மேலேறி வந்து கவ்வினால் நூல் இழுபடாது, தொய்ந்துதான் போகும். வெர்லின் கோலைச் சுண்டினாள். கோல் வில்லாக வளைய, கைப்பை அகல மீன் ஒன்று தண்ணீருக்கு மேலே புரண்டது. அதன் வாய்த்தோல் காகிதம் மாதிரி. அப்படியே தூக்கினால் கிழிந்து போய்விடும்.

வலை ஹோய்டின் காலடியில் கிடந்தது. அவன் டூயியைப் பார்த்தான்.

"அவனை என்னய்யா பாக்கிற? வலையை எடு!"

ஹோய்ட் மண்டியிட்டு வலையை நீட்டினான். மீன் படகுக்குள் வந்து விழுந்தது.

ஹோய்ட் தொண்டையைச் செருமினான். "எனக்கும் ஒரு கறுப்பு குடேன்."

"தர்றேன். ஆனா வலையைக் கீழ வைக்காதே" என்றாள் வெர்லின், திரும்பிப் பார்க்காமல். "அடுத்தது வரும்."