சாதாரண ஆட்டக்காரர்

...வெட்டாதே, வயதைப் போட்டு விற்க விடு, வாங்குகிறவர் பார்த்து வாங்கிக்கொள்வார், இந்த மூன்றைத்தான் ஆறு வருடமாக இந்த அறையில் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்றும் அதையே சொல்லிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம், ஆனால் கத்தரிக்கோல் சார் விடவில்லை, "நான் ஆடிக் காட்டறேன், பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க" என்று பெரிய திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கத்தரிக்கோல் என்பது நாங்கள் வைத்த பெயர், மனிதர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எந்த வீடியோ கேம் வந்தாலும் "இதை எடுத்துடலாமே" என்று ஆரம்பிப்பவர், போன மாதம் ஒரு கால்பந்து விளையாட்டில் கோல் போட்டவன் சட்டையைக் கழற்றிச் சுற்றுவதை வெட்டச் சொன்னார், அதற்கு நான் அரை மணி நேரம் சண்டை போட வேண்டியிருந்தது. இப்போது கன்ட்ரோலரைப் பிடித்திருப்பதைப் பார்த்தால், அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கியவர் மாதிரி விரல்நுனியில் வைத்திருக்கிறார், இவர் ஆடி, நான் பார்த்து... மூன்று பேர் குழு, நான் வக்கீல், இவர் வாத்தியார், தலைமை வகிக்கும் டாக்டரம்மா மனநல மருத்துவர், எந்த கேமை எந்த வயதுக்காரருக்கு விற்கலாம் என்று நாங்கள் மூவரும் சொன்னால் அதுதான் சட்டம்.

வெட்டுவதில் எனக்கு என்ன கோபம் என்றால், புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கடைக்காரர் பின்னாலேயே வந்து நாலு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனால் சும்மா விடுவோமா, கேமில் மட்டும் அதற்கு அப்டேட் என்று பேர், கிழித்ததே தெரியாது, நாற்பது பக்கத்துக்கு நிபந்தனையைக் காட்டி ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு பொத்தானை அழுத்த வைத்துவிட்டால் போதும், அவர்கள் வைத்ததுதான் சட்டம். யாராவது அதைப் படித்திருக்கிறார்களா, நான் வக்கீல், நானே படித்ததில்லை. வயது கேட்கும் பக்கமும் அப்படித்தான், பத்து வயதுப் பிள்ளைகளெல்லாம் பிறந்த வருடத்தை மேலே தள்ளித் தள்ளி தொண்ணூறு வயதுக் கிழவர்களாகித்தான் உள்ளே போகிறார்கள், அந்தக் கணக்கைப் பார்த்தால் நம் ஊரில் துப்பாக்கி சுடும் விளையாட்டு ஆடுவது முழுக்க முதியவர்கள்தான். கேம் ஆடினால் கெட்டுப்போவார்கள் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கன்ட்ரோலரைத் தொட்டதே இல்லை, ஆடுகிறவர்களோ யாராவது ஒரு குறை சொன்னால் ஆயிரம் பேராகச் சேர்ந்துகொண்டு அவர்கள் வீட்டுப் பெண்களை இழுத்துத் திட்டுகிறார்கள், இரண்டு பக்கமும் எனக்கு ஒத்துவராது. சொந்த வீட்டில் உட்கார்ந்து எதைப் பார்க்கலாம் என்பதை வளர்ந்த மனிதர் தானே தீர்மானிக்க வேண்டும், நம் வேலை அட்டையில் எண்ணைப் போடுவது, அவ்வளவுதான்.

இன்றைக்கு வந்திருப்பதன் பெயர் 'இருபது நாள்'. ஒரு சின்ன வீடு, ஞாபகம் தப்பிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர், கூடவே நீங்கள், அதாவது ஆடுகிறவர். வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை செய்கிறீர்கள், தினமும் மாலைக்குள் இத்தனை பக்கம் முடிக்க வேண்டும், முடித்த பக்கம் எத்தனை என்று திரையின் மூலையில் ஏறிக்கொண்டே இருக்கும், நடுவில் பெரியவருக்குச் சாப்பாடு, மாத்திரை, குளியல், அவர் கூப்பிட்டு நீங்கள் எழுந்தால் வேலை நிற்கும், இருபது நாள் ஓடினால் ஆட்டம் முடிந்தது. ஒரு சொட்டு ரத்தம் கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஆனால் பெரியவர் அறைக் கதவின் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது, போடு என்று ஆட்டம் எங்கேயும் சொல்லாது, போட்டுப் பார்த்தால் போட வருகிறது, மூன்று நாள் அவர் உள்ளேயிருந்து தட்டுவார், நாலாம் நாள் தட்டமாட்டார், உங்கள் பக்கங்கள் மளமளவென்று ஏறும், அதற்கு ஒரு பாராட்டுக் கூட வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பதினெட்டு என்று எழுதினேன், ஒரு காட்சியையும் தொடாதே, அப்படியே விடு, ஆனால் பதினெட்டு.

இதைச் செய்த கணவன் மனைவி இருவரும் வெளியே வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், நாலு வருடம் இரண்டே பேராகச் செய்திருக்கிறார்கள், நான் உள்ளே வரும்போது அந்தப் பெண் என்னைப் பார்த்து எழுந்து நின்றாள், மடியிலிருந்த கோப்பு கீழே விழுந்தது. பதினெட்டு போட்டால் பெரிய கடைகள் அலமாரியில் வைக்காது, இணையத்தில் பெண்கள் துணியைக் கழற்றும் சீட்டாட்டங்களோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள், யார் கண்ணிலும் படாது, பன்னிரண்டு போட்டால் இரண்டு நூலகங்களே கேட்டிருக்கின்றனவாம். அதற்காக ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள், தாழ்ப்பாள்தான் தடை என்றால் எடுத்துவிடுகிறோம் என்று, பாவம், கேட்பதற்கு முன்பே கழுத்தை நீட்டுகிறார்கள், அதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. இன்னொரு வரியும் இருந்தது, வெளியிடுவதற்கு முன்னால் நாற்பது பேரை ஆட வைத்துப் பார்த்தோம், தாழ்ப்பாளைப் போட்டவர்கள் மூன்றே பேர் என்று. நாற்பதில் மூன்று... அந்த வரியை நான் சட்டென்று தாண்டிப் போய்விட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், கத்தரிக்கோல் சார் இன்றைக்கு எதையும் வெட்டச் சொல்லவில்லை, மூன்று நாள் வீட்டில் உட்கார்ந்து ஒற்றை விரலால் குத்திக் குத்தி இருபது நாளையும் ஆடி முடித்திருக்கிறார், "பிள்ளைங்க கட்டாயம் ஆடணும் மேடம், பன்னெண்டு போடுங்க" என்கிறார். நான் கட்டுப்பாடு கேட்கிறேன், அவர் சுதந்திரம் கேட்கிறார், இந்த அறை தலைகீழாக நிற்கிறது. தாழ்ப்பாளைப் பார்க்கவே இல்லையா சார் என்றால், பார்த்தேன், கதவு என்றால் தாழ்ப்பாள் இருக்காதா என்கிறார். அதைப் போடாமல் பக்கங்களை எப்படி முடித்தீர்கள் என்றேன். "எங்க முடிச்சேன்? தினமும் பாதிலதான் நின்னுது. ஆட்டம் ஒண்ணும் சொல்லலியே." தோற்றுக்கொண்டேவா இருபது நாள் ஆடினீர்கள் என்றேன். "முப்பது வருஷம் வாத்தியார் வேலை பாத்தவன், எனக்குத் தோக்கறது பழக்கம்" என்று சிரித்தார், டாக்டரம்மாவும் சிரித்தாள், நானும் உதட்டை இழுத்து வைத்தேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என் விதியை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டாள். விதி ஏழு, நான் எழுதியது, கமா கூட என்னுடையது, 'ஒரு சாதாரண ஆட்டக்காரர் சாதாரணமாக ஆடும்போது எட்டக்கூடியவை மட்டுமே அந்த விளையாட்டின் உள்ளடக்கமாகக் கொள்ளப்படும்.' யாரோ ஒருவர் ஒரு கேமின் உள்ளே கணினி நிரலைத் தோண்டி எதையோ எடுத்து வந்து தடை கேட்டபோது அந்த வாயை அடைக்க எழுதினேன், மற்ற ஊர்க் குழுக்களெல்லாம் அதைக் கடன் வாங்கிக்கொண்டன, எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இருக்கட்டுமே. "நாப்பது பேர்ல மூணு பேர்தான் போட்டிருக்காங்க, சார் போடல, நானும் போடல. நீங்க எப்படிப் போனீங்க மேடம், தேடினீங்களா?" என்று கேட்டாள், குற்றம் சொல்கிற குரல் இல்லை, படிவத்தில் நிரப்ப ஒரு கட்டம் இருக்கிறது, அதற்காகக் கேட்டாள். "ஆமா, தேடித்தான் கண்டுபிடிச்சேன், மோசமானதைத் தேடறதுதானே நம்ம வேலை" என்று பளிச்சென்று சொன்னேன். சொன்ன பிறகுதான் வக்கீல் புத்தி விழித்துக்கொண்டது, தேடினால்தான் கிடைக்கும் என்றால் அது உள்ளடக்கமே இல்லை, என் பதினெட்டு என் விதியாலேயே செத்தது, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். "அப்ப, தேடினால் மட்டுமே கிடைக்கும்னு எழுதிக்கறேன்" என்று அவள் பேனாவைத் திறந்தாள்.

நான் தேடவில்லை. அதுதான் உண்மை, நோட்டுப் புத்தகத்தைக் கூட அப்போது திறந்திருக்கவில்லை, உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும், ஐந்தாம் பக்கம் பாதியில் நின்றது, பெரியவர் இரண்டாவது முறை எழுந்து வந்தார், கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் படுக்க வைத்தேன், போர்வையை இழுத்துவிட்டேன், வெளியே வந்தேன், கை தானாக மேலே போயிற்று... கீழே தேடக்கூட இல்லை, மேலேதான் இருக்கும் என்று தெரிந்தது, இந்த மாதிரித் தாழ்ப்பாளைக் கதவின் உச்சியில்தான் வைப்பார்கள். எங்கள் வீட்டிலும் அங்கேதான் இருந்தது. மாமனார் மூன்று வருடம் எங்களோடு இருந்தார், வந்த முதல் மாதத்தில் ஒருநாள் நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது இறங்கிப் போய்விட்டார், மருந்துக்கடைக்காரர் பேருந்து நிறுத்தத்திலிருந்து கையைப் பிடித்து அழைத்து வந்தார், அன்று சாயங்காலமே தச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாள் வைத்தோம், காலை பத்திலிருந்து ஒரு மணி வரைதான், சாப்பாட்டு நேரத்துக்குத் திறந்துவிடுவேன், பூட்டு கூட இல்லை, வெறும் தாழ்ப்பாள். அவர் பாதுகாப்புக்கு. வண்டி ஏதாவது இடித்திருந்தால் யார் பதில் சொல்வது, என் வீட்டுக்காரரா, நான்தானே. நாத்தனார் வந்தபோது "அண்ணி, அப்பா உங்ககிட்ட இருக்கறதாலதான் நான் நிம்மதியா தூங்கறேன்" என்றாள், மருமகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று மாடிவீட்டு அம்மாளே சொல்லியிருக்கிறாள். கொஞ்ச நாள் தட்டினார், அப்புறம் தட்டவில்லை, அப்பா பழகிட்டார் என்று நான்தான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன், சந்தோஷமாகச் சொன்னேன். அந்தப் பத்திலிருந்து ஒரு மணிக்குள்தான் என் நல்ல வேலையெல்லாம் நடந்தது, விதி ஏழையும் அங்கேதான் எழுதினேன், சாதாரண ஆட்டக்காரர் என்று எழுதி அடித்து மறுபடி எழுதி... வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இல்லை, எதற்கு வெட்கம், சட்டப்படி கேட்டால் நான் செய்ததில் ஒரு தப்பும் காட்ட முடியாது, நானே எனக்கு வாதாடினால் ஜெயித்துவிடுவேன்.

"இப்ப பாருங்க, மணி பதினொண்ணு ஆச்சு" என்கிறார் கத்தரிக்கோல் சார், அவர் சொல்வது ஆட்டத்துக்குள் இருக்கும் மணி. கதவு திறந்து கிடக்கிறது, தட்டச்சு ஓடுகிறது, மூன்றாம் பக்கத்திலேயே நிற்கிறது, இந்த மனிதர் எந்த வேலைக்கும் உதவமாட்டார். பெரியவர் அறையிலிருந்து வெளியே வருகிறார், சுவரைப் பிடித்துப் பிடித்து, இவ்வளவு தூரம் இவர் நடந்து நான் பார்த்ததே இல்லை, என் ஆட்டத்தில் அவர் பத்து நிமிடத்துக்கு மேல் நடக்கவில்லையே. வாசலுக்குத்தான் போவார், எனக்குத் தெரியும், செருப்பைத் தேடுவார், அப்புறம் சார் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதுதான், அப்போது புரியும் தாழ்ப்பாள் எதற்கென்று... பெரியவர் வாசல் பக்கம் திரும்பவில்லை. சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுக்கிறார், மெதுவாக, தரையில் உரசுகிற சத்தம் கேட்கிறது, தட்டச்சு செய்கிறவருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போடுகிறார், உட்கார்ந்து கைகளை முழங்காலில் வைத்துக்கொள்கிறார். திரையைப் பார்க்கிறார். கொஞ்ச நேரத்தில் தலை தொங்கித் தூங்கிவிடுகிறார்.

அவ்வளவுதானா சார் என்று கேட்கிறேன். "அவ்வளவுதான். இருபது நாளும் இதேதான் பண்றாரு. வாசல் பக்கமே போகமாட்டேங்கறாரு, சும்மா வந்து உக்காந்துக்கறாரு" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்கிறார், மறுபடி பொத்தானைக் குத்துகிறார். டாக்டரம்மாவின் பேனா கட்டத்துக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. "டாக்டர், அதை எழுதாதீங்க" என்கிறேன். நிமிர்கிறாள். "நான் தேடல" என்கிறேன். "அப்ப பதினெட்டா, மேடம்?" என்று கேட்கிறாள், நியாயமான கேள்வி, நான் தேடவில்லை என்றால் சாதாரணமாக ஆடியிருக்கிறேன், சாதாரணமாக ஆடியிருந்தால் அது உள்ளடக்கம், வெளியே அந்தப் பெண் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் போதும். மாமனாருக்கு எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், இன்றைக்கும் சொல்வேன், செருப்பின் அளவு சொல்வேன், எந்தப் பக்கம் படுத்தால் இருமல் வரும் என்று சொல்வேன். பேருந்து நிறுத்தத்துக்கு அவர் போனது ஒரே ஒருநாள். அதற்குப் பிறகு ஒருநாள், ஒரே ஒருநாள் காலை பதினோரு மணிக்கு அந்தக் கதவு திறந்திருந்தால் அவர் எங்கே போயிருப்பார் என்று... எனக்குத் தெரியாது.