யூரியாச் சாக்குக் கொங்காடை

ஜீப்பை விட்டு இறங்காமலே பரிசோதகர் எழுதி முடித்துவிட்டார். அருக்காணியின் காப்பிக் காட்டுக்குள் ஓர் அடிகூட வைக்கவில்லை.

ஐப்பசி மழை தலைச்சோலை என்கிற அந்த மலையூரை மூன்று நாளாக விடாமல் நனைத்துக்கொண்டிருந்தது. ரசாயனம் போடாத காப்பியை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்ள அந்த மலையில் ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். அதில் சேர வேண்டுமானால் பட்டணத்திலிருந்து வருகிற பரிசோதகர் காட்டைப் பார்த்து எழுத வேண்டும். அருக்காணிக்கு இருந்தது ஒன்றரை ஏக்கர். மூன்று வருஷமாக அதற்குச் சாணமும் இலைமக்கும் சுமந்திருந்தாள். எல்லாம் புருஷன் சென்றாயனுக்காகத்தான். அவன் எஸ்டேட்டில் முதுகில் பம்பு கட்டிப் பூச்சிமருந்து அடிக்கிறவன். இப்போதெல்லாம் இருமாமல் அவனால் பத்தடி நடக்க முடிவதில்லை. சங்கம் காப்பியை எடுத்துக்கொண்டால் அந்தப் பம்பை இறக்கி வைத்துவிடலாம்.

ஜீப் சத்தம் கேட்டதும் வழிகாட்ட ஓடி வந்தாள். மழைக்கு மலையில் எல்லாரும் போடுவதைத்தான் போட்டிருந்தாள்: காலிச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடக்கித் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காடை. அதன் முதுகில் பெரிய பச்சை எழுத்தில் யூரியா என்று இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையேதான் போட்டிருப்பாள், ஊரில் வேறு சாக்கு ஏது?

"யூரியா போடறவங்க எதுக்கும்மா இதுக்குப் பேர் கொடுக்கறீங்க?" என்றார் பரிசோதகர்.

"ஏனுங்க, இது எஸ்டேட்ல கணக்கெழுதற ரைட்டர் குடுத்த காலிச் சாக்குங்க. மழைக்குப் போட்டுக்கறதுங்க. எங்க காட்டுல ஒரு பொட்டு யூரியா உளுந்ததில்லைங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

கூட வந்த சங்கத்து ஊழியர் ஸ்தனிஸ்லாஸ், "சார், இந்தப் பக்கம் எல்லாரும் சாக்கைத்தான்..." என்று இழுத்தார். பரிசோதகர் கையைக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டார். மூன்று வருஷமாக அவள் வீட்டில் காப்பி குடித்த மனிதர். அந்த நன்றிக்காவது இன்னொரு வார்த்தை பேசியிருக்கலாம்.

மருந்தடிக்கிறவனுக்கு மூக்கை மூட ஒரு துணி கொடுக்காத எஸ்டேட், காலிச் சாக்கை மட்டும் தாராளமாகக் கொடுத்தது. அதைத் தலையில் போட்ட குற்றத்துக்கு இவள் காடு தள்ளுபடி. என்ன நியாயமோ.

ஜீப் கிளம்பப் போகும்போது காற்று திரும்பியது. படுதாக் கிழிசல் வழியே சாரல் அடித்து, பரிசோதகர் மடியிலிருந்த படிவங்கள் நனையத் தொடங்கின.

"அம்மா, அந்தச் சாக்கைக் கொஞ்சம் கொடுங்க. பேப்பரெல்லாம் வீணாகுது."

"யூரியாச் சாக்குங்களே. காயிதத்துக்கு ஆவுங்களா?"

"காலிச் சாக்குதானே? அது என்ன பண்ணப்போகுது?"

சொன்ன பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது. ஸ்தனிஸ்லாஸ் தலையைத் திருப்பி மழையைப் பார்த்தார்.

"என்ற தலையில இருந்தா யூரியா, உங்க மடியில இருந்தா காலிச் சாக்குங்களா?" அருக்காணியின் குரல் உயரவில்லை. "நொம்ப நல்லாருக்குதுங்க. நீங்க எழுதுன ஒத்த வரியில என்ற ஊட்டுக்காரர் நாளைக்கும் பம்பு தூக்கோணும். காட்டுக்கு வந்து மண்ணைத் தோண்டிப் பாருங்க. மண்புழு நெளியலீன்னா நீங்க எழுதுனதே இருக்கட்டும்."

கொங்காடையை உருவி உதறி, படிவங்களின் மேல் போட்டாள். வெறுந்தலையோடு மழையில் காட்டைப் பார்த்து நடந்தாள். வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சுவது போலாகிவிடும்.

சரிவில் இறங்கும்போது, பின்னால் ஒரு பூட்ஸ் கால் சேற்றில் சளக்கென்று புதையும் சத்தம் கேட்டது. அந்த இடம் வழுக்கும், புதிதாக வருகிற எவருக்கும் அவள் கை கொடுத்துத்தான் இறக்குவாள்.

இன்றைக்குக் கொடுக்கவில்லை.