நாலாவது சீட்டின் பின்பக்கம்

1

இந்தக் கதை என் ஆசையில் பிறந்ததில்லை. பேத்தியின் டீச்சர் சொல்லித்தான் எழுதுகிறேன். "வீட்ல அவ எப்படிப் பேசுறா, எப்படிப் படிக்கிறான்னு எழுதிக் கொடுங்க ஐயா. கதை மாதிரி இருந்தாலும் பரவாயில்ல" என்றார். சொன்னவருக்கு என்ன போச்சு. நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். அப்புறம் முப்பத்தொரு வருஷம் பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டினேன். போல்ட்டு நட்டு தவிர எதையும் சேர்த்துக் கோத்துப் பழக்கமில்லை.

எழுதத் தாள் வேண்டுமே. வீட்டில் இருந்தது நாலு சீட்டு. மாசத்துக்கு ஒன்றாகப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவை. முன்பக்கம் அச்சு, பின்பக்கம் வெறுமை. மூன்றை அலமாரித் தட்டில் விரித்த பேப்பருக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். நாலாவது நேற்று வந்தது. ஆக, நாலு பக்கத்துக் கதை. பாதியில் நின்றால் என்னைக் கேட்காதீர்கள்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

ஒரு ஊரில் மிகவும் புத்திசாலியான ஒரு சிறுமி

[பொய். அது இன்னும் தெரியவில்லை. தெரியாததால்தான் இத்தனை ரகளை.]

அப்புறம் இப்படி:

அந்த டீச்சருக்கு ஈவு இரக்கமே கிடையாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை

[இதுவும் பொய். டீச்சர் நல்ல மாதிரிதான். ஒருத்தரைக் கெட்டவராக்கினால் கதை ஓடும் என்று பார்த்தேன். ஓடவில்லை.]

சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பேத்திக்கு எட்டு வயசு. வீட்டில் பட்டாணி என்று கூப்பிடுவோம். அவள் அம்மா, அதாவது என் மகள், வேறு ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு மாசத்துக்கு ஒருமுறை வருவாள். அப்பாக்காரன் இந்தக் கதையில் இல்லை, வீட்டிலும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாதுகாவலர் என்று என் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனது மகள்தான்.

சீட்டு சொல்வது இது: பிள்ளை வாசிப்பில் ரொம்பப் பின்தங்கியிருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் தனி அறைக்கு, தனி டீச்சரிடம் அனுப்பப் பாதுகாவலர் சம்மதம் வேண்டும். அடியில் ஒரு கோடு. அதன் மேல் கையெழுத்து.

மூன்று முறை நான் போடவில்லை. இன்று மூன்றரைக்குப் பள்ளி விடும்போது பட்டியலை மூடுகிறார்கள். அதற்குள் போடாவிட்டால் இந்த வருஷம் கிடையாது.

2

ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். கேட்கிற முகத்தோடுதான் படிக்கிறீர்கள்.

டிப்போவில் ஒரு நாள் சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினான். "அட்டென்டன்ஸ்தாண்ணே. எல்லாரும் போட்டாச்சு, நீங்கதான் பாக்கி." என் கையெல்லாம் கிரீஸ். தாள் அழுக்காகிவிடக் கூடாதே என்று பேனாவை விரல் நுனியில் பிடித்து, மரியாதையாகப் போட்டேன். நானே விருப்பப்பட்டு வேலையை விட்டுப் போகிறேன் என்று அதில் எழுதியிருந்தது.*

அன்றிலிருந்து எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. கூரியர் வந்தால்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைப் போடச் சொல்வேன்.

* அவன் இப்போதும் தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்கிறான். நானும் சொல்லித் தொலைக்கிறேன். அதுதான் எரிகிறது.

[இந்தப் பத்தியை அடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். பிள்ளையைப் பற்றி எழுதச் சொன்னால் கிழவன் தன்னைப் பற்றி எழுதுகிறான் என்பீர்கள். ஆனால் இதை எடுத்தால் நான் வெறும் முரடனாகத் தெரிவேன். இருக்கட்டும்.]

இன்னொரு காரணமும் உண்டு. பட்டாணி வீட்டில் நன்றாக வாசித்தாள். என் காதால் கேட்டேன்.

3

சாயங்காலம் நான் பாத்திரம் தேய்ப்பேன். அவள் என் பின்னால் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து பாடப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பாள். திங்கட்கிழமை ஒரு ஆமை பஸ்ஸில் ஏறியது. "ஓட்டுக்குத் தனி டிக்கெட்டு" என்று கண்டக்டர் சண்டைக்கு நின்றான். செவ்வாய்க்கிழமை ஆமை ஓட்டை வாடகைக்கு விட்டது. புதன்கிழமை, குடிவந்த நண்டு காலி பண்ண முடியாது, உன்னால் ஆனதைப் பார் என்றது. பரவாயில்லையே, இப்போதெல்லாம் பாடப் புத்தகம் நன்றாகப் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். புத்தகத்தில் ஒரு பக்கம் திறந்திருந்தது. குளம், அதில் ஒரு ஆமை, படம் அவ்வளவுதான். கண்ணாடியை மாட்டி, விரலை வைத்து நானே படித்தேன். நாம் குடிக்கும் நீர் தூய்மையாக இருக்க வேண்டும். பக்கம் முழுக்கத் தண்ணீரைக் காய்ச்சுவதும் வடிகட்டுவதும்தான்.

"ஏய், ஆமை எங்கடி?"

"அதோ, படத்துல."

"எழுத்துல எங்க?"

அவள் வாளியைவிட்டு எழுந்தாள். "முதல் எழுத்து தெரியுது தாத்தா. மீதி ஓடிடுது. அதான் நானே சொல்லிக்கிட்டேன்."

"எத்தனை நாளா?"

"தெனமும்தான். நீதான் சூப்பர் சூப்பர்னு சொன்னியே."

[அவள் உண்மையில் 'ஓடிடுது' என்றாளா? 'தெரியல' என்று மட்டும் சொன்னதாகவும் ஞாபகம். கதைக்காக நான் ஜோடித்திருக்கலாம். 'சூப்பர்' மட்டும் சத்தியம்.]

சற்று நேரத்தில் மகள் போன் செய்தாள். "எப்படிப்பா படிக்கிறா?"

"நல்லாப் படிக்கிறா" என்றேன். பட்டாணி பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்துக் கதை சொல்வது யாரிடமிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது.

நேற்று பள்ளிக்கூட கேட்டில் டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"நாலாவது தடவை ஐயா."

"அந்த ரூம்ல என்ன பண்ணுவீங்க?"

"வாசிக்கச் சொல்லிக் கொடுப்பாங்க."

"அப்போ இந்த ரூம்ல என்ன பண்றீங்க?"

டீச்சர் சிரித்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "நாப்பத்திரண்டு பேருங்க. எல்லாரும் சேர்ந்து படிக்கும்போது இவ வாயை மட்டும் அசைக்கிறா. தனியா எழுப்பினா வயித்து வலிங்கிறா."

"பசங்க அதை மக்கு ரூம்ங்கிறாங்களாமே."

"சொல்றாங்க. நானும் அதட்டிப் பார்த்துட்டேன்."

"இந்தச் சீட்டு எத்தனை வருஷம் அவ கூடவே வரும்?"

அவர் யோசித்தார். "தெரியலைங்க ஐயா."

தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு என்னிடம் இதுவரை எவனும் கையெழுத்துக் கேட்டதில்லை. அதுவரை எனக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. இப்போது குழம்பிப்போய்விட்டேன்.

4

இது நாலாவது சீட்டு. ஜாக்கிரதையாக எழுத வேண்டும். கோட்டில் கையெழுத்துப் போட்டால் இந்தப் பின்பக்கமும் சேர்ந்து டீச்சர் கைக்குப் போகும். முதல் மூன்றையும் கொடுப்பேனா என்பது வேறு விஷயம்.

முடிவு ஒன்று: போட்டுவிடுகிறேன். அந்த அறைக்குப் போகிறாள். பசங்க சிரிக்கிறார்கள். வருஷக் கடைசியில் நீர் தூய்மையாக இருக்க வேண்டும் என்று கடகடவென்று வாசிக்கிறாள். அப்புறம் ஆமை பஸ் ஏறுமா, ஏறாதா?

முடிவு இரண்டு: போடவில்லை. ஆமை ஊர் ஊராகப் போகிறது. நானும் சூப்பர் சொல்கிறேன். பெரியவளாகிறாள். ஒரு நாள் எவனோ ஒரு தாளை நீட்டுகிறான். அவள் முதல் எழுத்தைப் பார்க்கிறாள், மீதியைத் தானே சொல்லிக்கொள்கிறாள், மரியாதையாக

[இதை முடிக்க முடியவில்லை.]

முடிவு மூன்று: அவளையே கேட்பது. காலையில் கேட்டேன். ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டே, "அங்க ஃபேன் இருக்கு தாத்தா" என்றாள். சரி, போகிறாயா என்றேன். "மக்குன்னுவாங்க." அப்போ வேண்டாமா? "நீ சொல்லு." எட்டு வயசிலேயே பந்தை என் பக்கம் தள்ளத் தெரிகிறது. மக்காம்!

சீட்டின் முன்பக்கத்தை ஏழு தடவை எழுத்து எழுத்தாகப் படித்துவிட்டேன். ஒளிந்திருப்பது எதுவும் இல்லை. அதுவே சந்தேகமாக இருக்கிறது.

மணி மூன்றே கால். பள்ளிக்கூடம் பத்து நிமிஷ நடை. தாளும் தீரப்போகிறது.

இதை நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும். நான் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். இல்லையென்றால் மகள் அலமாரியைத் துடைக்கும்போது பேப்பருக்கு அடியிலிருந்து எடுத்திருப்பாள். எது என்று இந்த வரியை எழுதும் எனக்குத் தெரியாது. உங்கள் கையில் தாள் இருக்கிறது. திருப்புங்கள். கோட்டைப் பாருங்கள்.

பார்க்காமல் நீங்களாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. அதை இந்த வீட்டில் இரண்டு பேர் செய்தது போதும்.