பின்விளக்குக்குப் பூசிய சிவப்பு

கூட்டுறவுச் சங்கக் கடையில் சீனி நிறுத்துக் கொடுக்கும் கனகசிங்கம், ஞாயிற்றுக்கிழமைகளில் வாவிக்கரை வீட்டில் கார்ச் சாமான்களுக்குப் பெயின்ட் அடித்துக் கொடுப்பான். அன்று ஏறாவூர்ப் பதியுதீன் காக்கா, தன் வாடகைக் காரின் பின்விளக்குக்கு ஒரு கண்ணாடி மூடியைக் கொடுத்துவிட்டுப் போனார். பழைய சிவப்பு மூடி உடைந்துவிட்டது, கிடைத்ததோ நிறமில்லாதது. பின்னால் சிவப்பு எரியாத காரைப் பாலத்து ராணுவச் சோதனைச் சாவடியில் விடமாட்டார்கள். வெளிச்சம் ஊடுருவும் சிவப்புப் பெயின்டுக்குச் சண்டைக் காலத்தில் எங்கே போவது?

மனைவி சீதேவிப்பிள்ளை நல்லநாள் பெருநாளுக்கு மட்டும் நகத்தில் பூசும் கியூடெக்ஸ் போத்தலை அலுமாரியிலிருந்து மெல்ல எடுத்தான். மூடியில் தேய்க்கத் தேய்க்கச் சாயம் திட்டுத் திட்டாய் நின்றது. நிமிர்ந்தால் எதிரே அவள்.

"கேட்டிருந்தா தந்திருப்பன்தானே."

"கேக்க வெக்கமா இருந்திச்சு."

"களவெடுக்க வெக்கமில்லையாக்கும்." தூரிகையைப் பறித்தாள். "இதத் தேய்க்கப்படாது. நகத்துக்குப் போல ஒரே இழுவையா இழுக்கணும்."

அவன் பூசியதைத் தின்னரால் துடைத்துவிட்டு அவளே பூசினாள். மூடி செவ்வரத்தம் பூவாய்ச் சிவந்தது. போத்தலில் ஒரு சொட்டு மிஞ்சியது. அவன் கையை இழுத்துப் பெருவிரல் நகத்தில் அதைப் பூசினாள்.

"களவெடுத்த கை எதெண்டு ஊருக்குத் தெரியட்டும்."

தின்னர் டின் பக்கத்திலேயே இருந்தது. ஆனாலும் மறுநாள் கடையில், சிவந்த பெருவிரலோடுதான் கனகசிங்கம் சீனி நிறுத்தான்.