ஆறு நிமிட நடை

பேராசிரியருக்கு அந்த நகரம் முழுக்க அத்துப்படி, ஆனால் எல்லாம் காகிதத்தில். நகரத் திட்டமிடல் துறையில் முப்பத்தைந்து வருடம் வாய் கிழியப் பாடம் எடுத்தவர். அவருடைய புத்தகத்தைப் புரட்டாமல் அந்தப் படிப்பில் யாரும் தேறியதில்லை. அதிலும் மூன்றாம் அத்தியாயம்தான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. வரைபடத்தில் ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தில் காம்பஸ் ஊசியைக் குத்தி ஐந்நூறு மீட்டருக்கு ஒரு வட்டம் போட வேண்டும். வட்டத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு அது ஆறு நிமிட நடை, இன்னொரு ஆஸ்பத்திரி தேவையில்லை. எவ்வளவு சுலபமாகப் போயிற்று, பாருங்கள்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால், இதே வட்டத்தைக் காட்டித்தான் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இருந்த சின்ன ஆஸ்பத்திரியை மூட வைத்தார். அந்தப் பக்கம் பெரிதாக ஒன்று இருக்கும்போது இங்கே எதற்கு இன்னொன்று என்று அறிக்கை கொடுத்தார். இப்போது அது இருந்த பக்கத்துத் தெருக்காரர்கள் அதைத் திரும்பத் திறக்கச் சொல்லி மனு போட்டிருந்தார்கள். நகராட்சியோ, தூரம் சரிதானா என்று அவரிடமே கேட்டு ஒரு படிவம் அனுப்பிவிட்டது. சரி என்று எழுதினால் மனு குப்பைக்குப் போகும். தப்பு என்று எழுதினால் மூன்றாம் அத்தியாயம் போகும், கூடவே அவர் பேரும் போகும். ஏழாம் பதிப்பு வேறு அச்சில் இருந்தது. மனுவில் முதல் கையெழுத்து அவருடைய சொந்த அக்காவுடையது.

மனிதருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. படிவத்தைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு காரில் நேரே அக்கா வீட்டுக்குப் போனார்.

"என் மானத்தை வாங்கணும்னே முதல் கையெழுத்துப் போட்டியாக்கா?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போறேன். கூட வா, பேசிக்கிட்டே போலாம்."

"கார்ல போயிடலாமே."

"நாளைக்கும் நீயே வந்து ஓட்டுவியா? நடடா."

அக்கா கையில் ஒரு மடக்கு ஸ்டூல் இருந்தது. மருந்து வரிசையில் உட்காரப் போலிருக்கிறது என்று அவர் நினைத்தார். தெருமுனையில் ஒரு சரக்குக் கிடங்கின் மதில் தொடங்கியது. வரைபடத்தில் அது மெல்லிய கோடு, அவ்வளவுதான். இங்கே முடிவேனா என்று நீண்டுகொண்டே போயிற்று. மதில் முடிந்த இடத்தில் அக்கா ஸ்டூலை விரித்து உட்கார்ந்தாள்.

"இது முதல் ஸ்டேஷன். இன்னும் ரெண்டு இருக்கு," என்றாள்.

பேராசிரியர் பேச்சை மறந்து, போனில் நடந்த தூரத்தைப் பார்த்தார். தொள்ளாயிரம் மீட்டர் தாண்டியிருந்தது. பிறகு மதிலைச் சுற்றி, அதன் மறுபக்கமாக, வந்த திசைக்கே திரும்பி நடந்தார்கள். தண்டவாள வேலிக்கு அப்பால், கைக்கு எட்டுகிற மாதிரி ஆஸ்பத்திரி தெரிந்தது. நடுவில் அறுபத்திரண்டு படி ஏறி இறங்குகிற பாலம். முப்பதாவது படியிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. படி திரும்புகிற இடத்தில் அக்கா மறுபடி ஸ்டூலை விரித்தாள்.

"இங்க எதுக்குக்கா? கொஞ்சம் படிதானே பாக்கி."

"உங்க அத்தான் இங்கதான் உக்காந்தார்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தான் நெஞ்சுவலியில் போய்ப் பதினோரு வருடம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார் என்று போனில் சொன்னார்கள். பேராசிரியர் காரில் வந்தார், அழுதார், காரில் திரும்பினார். எந்த வழி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூரம் அளப்பதையே பிழைப்பாக வைத்திருந்த மனிதர்!

"ஆம்புலன்ஸ் வரலையா?"

"சுத்தி வர முக்கால் மணி நேரம்னாங்க. நடந்துடலாம்னு அவர்தான் கிளம்பினார். 'உன் தம்பி கணக்குக்கு ஆறு நிமிஷம்தானே'ன்னு சிரிச்சார்."

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லலை?"

"அந்த மாசம்தான் உனக்குப் பெரிய விருது குடுத்தாங்க. கொஞ்ச நாள் போகட்டும்னு இருந்தேன். அப்புறம் எப்படிச் சொல்றதுன்னே தெரியலை."

பேராசிரியர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏறி இறங்குகிறவர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லாமல் அழுதார். அக்கா தடுக்கவில்லை. அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு ரயில் ஒன்று போகும்வரை காத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில், மருந்து வரிசைக்குப் பக்கத்துப் பெஞ்சில் படிவத்தை எடுத்து எழுதினார். பழைய தூரம் தவறு. சரியான தூரம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது மீட்டர். எப்படி அளக்கப்பட்டது என்று கேட்டிருந்த இடத்தில் 'நடந்து' என்று போட்டார். அளந்த தேதி என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. இந்த வழியை அவர் அளந்தது இன்றுதான் முதல் தடவை; இன்றைய தேதியையே எழுதினார்.

மாத்திரையோடு வந்த அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தேதியில் அவள் விரல் நின்றது.

"சரியாத்தான் எழுதியிருக்கே," என்றாள். "எந்திரிடா தம்பி. திரும்பிப் போகவும் அதே தூரம்தான்."