சிவப்பு வட்டத்துக்குள் மூன்று புள்ளிகள்

நடீன் புரூயிட்டின் மேசையில் சிவப்புப் பென்சிலுக்கு ஒரே ஒரு வேலைதான். தறுதலைகளை வட்டம் போட்டு ஒதுக்குவது.

மொஹாவே பாலைவனத்தில், வறண்ட ஏரியின் கரையில் இருந்தது அந்தச் சோதனை நிலையம். ராக்கெட் விமானம் ஒவ்வொரு முறை பறந்து இறங்கியதும் அதன் வயிற்றிலிருந்து ஒரு ஃபிலிம் சுருளை எடுப்பார்கள். மூக்கு எந்தப் பக்கம் விலகியது, காற்று எப்படி உலுக்கியது, மூக்கைத் திருப்பும் மிதிகட்டையை விமானியின் கால் எவ்வளவு மிதித்தது, எல்லாம் அதில் மெல்லிய கோடுகளாக ஓடும். மாடியில் எட்டுப் பெண்கள் அதை விளக்குப் பலகையில் விரித்து, அரை விநாடிக்கு ஓர் இடம் என்று அளந்து, தாளில் புள்ளி வைத்து, வழவழவென்று ஒரு கோடு இழுப்பார்கள். கோட்டோடு சேராமல் தனியே நிற்கிற புள்ளிக்குத்தான் தறுதலை என்று பெயர். கருவிக்கு விக்கல் வந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். விமானியும் தன் அறிக்கையில் ஒன்றும் சொல்லவில்லை என்றால் சிவப்பு வட்டம். நல்ல பிரதியில் அந்தப் புள்ளி ஏறாது. பொறியாளர் லோவெல் ஸ்ட்ராண்ட் போட்ட சட்டம் அது. நல்ல சட்டம்தான். ஆளைக் கொல்லும்வரை எல்லாச் சட்டமும் நல்ல சட்டம்தான்.

நடீனின் கோடுகள் அந்தக் கட்டடத்திலேயே சுத்தமானவை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நெப்ராஸ்காவில் ஆறு வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவள். அதனால் விமானி வெர்ன் மாத்திசன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

"டீச்சரம்மா, எனக்கு எத்தனை மார்க்கு?" முந்தின நாள் மாலைகூட வாயில் பாதி டோனட்டோடு அவள் மேசை விளிம்பில் வந்து உட்கார்ந்தான்.

"நூத்துக்கு நூறு. கோடு எண்ணெய் தடவுன மாதிரி இருக்கு. மேசையில சர்க்கரையைக் கொட்டாதீங்க."

"என் கால்? காலு சரியா மிதிச்சிருக்கா?"

"உங்க காலையெல்லாம் நாங்க அளக்கறதில்ல. மூக்கு நேரா இருந்துச்சு, அது போதும்."

"ஆமா, அது போதும்" என்றான் வெர்ன். உடனே எழுந்து போகவில்லை. தன் வலது பூட்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் அவன் காலைப் பற்றித்தான் கேட்கிறான் என்பது நடீனுக்கு அப்போது உறைக்கவில்லை. உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஏழேகாலுக்கே தாய் விமானம் ராக்கெட் விமானத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டது. போதுமான உயரத்துக்குப் போய் அதைக் கழற்றிவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சென்ற மூன்று பறப்புகளில் ஒலியின் வேகத்தைப்போல் 1.7 மடங்கு, 1.8, 1.9 என்று படிப்படியாகப் போனவர்கள், இன்று ஒரே தாவலாக 2.2 போவதாக இருந்தார்கள். வாஷிங்டனிலிருந்து கோட்டுசூட்டோடு மூன்று பேர் வந்து கீழே காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மாடியில் நடீன் இன்றைய பறப்புக்கான வெற்றுத் தாளைத் தயார் செய்தாள். மூக்கு விலகுவதைக் காட்ட எத்தனை டிகிரிக்கு இடம் விடுவது? பழைய தாள்களைப் பார்த்தால் தெரியும். நல்ல பிரதிகளெல்லாம் லோவெலின் அறையில் இருந்தன. சோம்பலில் கீழ் இழுப்பறையிலிருந்து தன்னுடைய வேலைத் தாள்கள் மூன்றையும் எடுத்து விளக்குப் பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள்.

மூன்று தாளிலும் ஒவ்வொரு சிவப்பு வட்டம். தனித்தனியாகப் பார்த்தபோது மூன்றும் தறுதலைகள். சேர்த்து வைத்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1.7-ல் அரை டிகிரி. 1.8-ல் ஒரு டிகிரி. 1.9-ல் இரண்டு டிகிரி. மூன்றும் ஒரே பக்கம், மூன்றும் வேகத்தின் உச்சியில்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஓப்பல், கடைசிச் சுருளை எடுத்துட்டு வா. சீக்கிரம்!"

பக்கத்து மேசை ஓப்பல் சுருளை விரித்தாள். "என்னடி, பேயைப் பாத்தவ மாதிரி நிக்கற?"

"அரை விநாடிக்கு ஒண்ணு வேணாம். நடுவுல அளப்போம். ஒரு விநாடிக்குப் பத்து."

அளந்தார்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவில், இத்தனை நாளாக யாரும் பார்க்காத சந்தில், மூக்கு வெளியே போய்த் திரும்பியது. மறுபடி போய்த் திரும்பியது. விக்கல் அப்படி வராது. மூக்கை நேராக வைத்திருக்க வேண்டிய வாலுக்குக் காற்றின் மேல் இருந்த பிடி நழுவிக்கொண்டிருந்தது.

நடீன் படிகளில் இறங்கி ஓடினாள். ரேடியோ அறைக்குள் பெண்கள் போவதில்லை. சுவரிலிருந்த சின்ன ஜன்னல் வழியாகத் தாளை நீட்டுவதுதான் வழக்கம். ஜன்னலைத் தட்டினாள். லோவெல் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், அதட்டத் தெரியாதவர். அன்று கழுத்தில் புது டை இறுகிக் கிடந்தது.

"சார், இன்னைக்கு வெர்ன் போகக் கூடாது. வால் பிடிக்கல. மூணு தடவையும் பிடிக்கல."

லோவெல் தாள்களைப் பார்த்தார். "இது யாரு தாள்?"

"என்னோடது."

"சுத்தம்னு கையெழுத்துப் போட்டது?"

"நான்தான். தப்பு என் பேர்ல. அதை அப்புறம் பேசிக்கலாம் சார்."

"வெர்ன் ஒண்ணுமே சொல்லலையே நடீன். மூணு தடவையும் 'ஒண்ணும் இல்ல'ன்னுதான் எழுதியிருக்கான். சிவப்பு வட்டத்தை வச்சு நான் எப்படி நிறுத்தறது? கோடு போட்டுக் கொண்டாங்க. இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

மேலே ஓடினாள். ஓப்பல் எண்களைச் சொல்ல, நடீன் புள்ளி வைத்தாள். அரை, ஒன்று, இரண்டு. ஒவ்வொரு படிக்கும் இரட்டிப்பு. அப்படியானால் இரண்டு மடங்கு வேகத்தில் நான்கு டிகிரி. 2.1-ல் எட்டு. 2.2-க்குப் புள்ளி வைக்கத் தாளில் இடமில்லை. பென்சில் விளிம்பைத் தாண்டி மேசை மரத்தில் கீறி நின்றது. இரண்டு பெண்களும் அந்தக் கீறலைப் பார்த்தார்கள்.

இந்த முறை அவள் ஜன்னலைத் தட்டவில்லை. கதவைத் திறந்துகொண்டு நேராக உள்ளே போனாள். கோட்டுசூட்டுக்காரர்களில் ஒருவர், "யார் இந்தப் பொண்ணு?" என்றார். லோவெல் அவள் கையிலிருந்த தாளைக் குனிந்து பார்த்தார். மைக்கை எடுத்தார்.

"வெர்ன், கேக்குதா? நம்ம நடீன் பழைய சுருளை மறுபடி அளந்திருக்கா. 1.7-லேர்ந்து உன் மூக்கு ஒதுங்குது. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பங்கு. இன்னைக்குப் போனா திரும்பாதுன்னு சொல்றா."

ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் வெர்ன் சிரித்தான். குழந்தை சிரிப்பதுபோல் அவ்வளவு நிம்மதியான சிரிப்பு.

"அப்ப என் கால் இல்லையா?"

"என்ன?"

"மூணு தடவையும் எனக்குத் தெரிஞ்சுதுப்பா, மூக்கு வழுக்கறது. தாளைப் பாத்தா கோடு சுத்தமா இருக்கும். சரி, நமக்கு வயசாயிடுச்சு, கால் நடுங்குதுன்னு நெனச்சேன். எழுதினா என்னைக் கீழ இறக்கிடுவீங்க. அதான் ஒண்ணும் எழுதல."

நடீனுக்கு இப்போதுதான் புரிந்தது. அவன் எழுதாததால் அவள் வட்டம் போட்டாள். அவள் வட்டம் போட்டதால் அடுத்த முறையும் அவன் எழுதவில்லை. அவன் அவளை நம்பினான், அவள் அவனை நம்பினாள். நடுவில் அந்தப் பாழாய்ப்போன வால் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

"இறங்கி வா வெர்ன்" என்றார் லோவெல். "இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

சொன்னார்தான். ஆனால் கழற்றிவிடும் கடைசி நொடியில் வார்த்தை விமானியுடையது. அதை யாரும் மீறுவதில்லை. அந்த ஊரின் பெருமையே அதுதான், அதன் சாபமும் அதுதான். கோட்டுசூட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதை லோவெல் பார்த்தார். இரண்டாவது முறை அவர் 'இறங்கி வா' என்று சொல்லவில்லை.

நடீன் மைக்கைப் பிடுங்கினாள். "வெர்ன், நான்தான். வேணாம். தயவுசெஞ்சு வேணாம். கோடு தாளை விட்டே வெளிய போயிடுச்சு."

"டீச்சரம்மா! நீங்க உள்ளயா?" அவன் குரலில் அப்படியொரு குஷி. "மூணு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல. இன்னைக்குத்தான் நிம்மதி. எங்க வழுக்கும்னு தெரிஞ்சா பிடிச்சுக்க மாட்டேனா? முன்னாடியே மிதிச்சு வச்சுக்கறேன். என் கால் எப்படி இருந்துச்சுன்னு நாளைக்கு நீங்கதான் சொல்லணும். சரியா? கழட்டுங்கப்பா."

கழற்றினார்கள்.

அவன் வேகத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். 1.7. "லேசா வருது, பிடிச்சாச்சு." 1.9. "பிடிச்சாச்சு." இரண்டு. அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். "இது கொஞ்சம்..." என்றான். அதற்குமேல் இரைச்சல்தான். லோவெல் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வெளியே யாரோ ஓடி வந்து, ஏரிக்கு அந்தப் பக்கம், யோசுவா முள்மரங்களுக்கு நடுவே புழுதி எழுந்ததைச் சொன்னார்கள். நடீன் தாளைச் சுருட்டவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

நான்காம் நாள் ஃபிலிம் சுருள் மாடிக்கு வந்தது. இரும்புப் பெட்டிக்குள் இருந்ததால் பிழைத்திருந்தது. அதிலிருந்து கருகல் வாடை வந்தது.

"நீ வீட்டுக்குப் போ, நான் அளக்கறேன்" என்றாள் ஓப்பல்.

"என்கிட்டதான சொல்லிட்டுப் போனான்?" என்றாள் நடீன். "நீ எண்ணை எழுதிக்க."

சிவப்புப் பென்சிலை எடுத்து ஜன்னல் வழியே எறிந்துவிட்டு உட்கார்ந்தாள். விநாடிக்குப் பத்து இடம். மூக்கின் கோட்டை அவளுக்குத் தெரியும், முன்பே போட்ட கோடு. கீழே, இதுவரை யாரும் அளக்காத ஒரு மெல்லிய கோடு ஓடியது. விமானியின் காலை அதில் அளந்தாள். மூக்கு ஒதுங்குமுன்பே கால் மிதித்திருந்தது. எந்தப் பக்கம் மிதிக்க வேண்டுமோ அந்தப் பக்கம். எவ்வளவு மிதிக்க வேண்டுமோ அவ்வளவு. 2.1-ல் மிதிகட்டை அடிமட்டம்வரை போய்விட்டது, மிதிக்க மேற்கொண்டு இடமில்லை. அப்போதும் அவன் காலை எடுக்கவில்லை. பதினோரு விநாடி, கோடு அறுந்துபோகும்வரை, மயிரிழைகூட நடுங்காமல் அப்படியே இருந்தது.

லோவெல் வந்து பின்னால் நின்றார். டை இல்லை, நான்கு நாள் தாடி. தாளைப் பார்த்து மெல்ல, "இந்த வரிசை நம்ம தாள்ல கிடையாதே நடீன்" என்றார்.

"இப்ப இருக்கு" என்றாள்.

குறிப்புக்கான இடத்தில், 'விமானியின் கால் கடைசிவரை சரியாக இருந்தது' என்று எழுதினாள். எழுத்து கலங்கித் தெரிந்ததால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முந்தைய மூன்று தாள்களின் அடியில் போட்ட அதே கையெழுத்தை அதற்கும் அடியில் போட்டாள்.